எட்டரைக்கு இறங்கினால்

குறைத்தால் கூப்பிடலாம். ஏற்றினாலும் கூப்பிடலாம், ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் இருந்ததை இருந்தபடியே விட்டுவிட்டார்கள் என்றால் எதைச் சொல்லி உமாவைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பரமன் என் கன்னத்தில் நுரையைப் பூசிவிட்டான், இனி வாயைத் திறக்க முடியாது, நல்லதாகப் போயிற்று. பத்து மணிக்கு மும்பையில் ரிசர்வ் வங்கிக்காரர் ஒருவர் டிவியில் வந்து வட்டியைச் சொல்லப் போகிறார். இந்த நேரத்துக்கு நான் மண்டியில் இருக்க வேண்டியவன், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில், கல்லாவுக்குப் பின்னால், போனைப் பார்த்தபடி. இன்றைக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. நாலு பேர் நடுவில் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது. அதனால் ஒட்டன்சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சலூனுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். "நேத்துத்தான பண்ணுனீங்கண்ணே," என்றான் பரமன். "பண்ணுனா என்ன, மறுபடி பண்ணு," என்றேன். அவனுக்கென்ன, நுரைக்குக் காசு வருகிறது. டிவி என் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. எதிரே கண்ணாடியில் அது இடவலம் மாறித் தெரிகிறது, கீழே ஓடும் எழுத்துகள் தப்பான திசையில் ஓடுகின்றன, எண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறேன். போன் சட்டைப் பையில், கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மற்ற வீடுகளில் கல்யாண நாளைக் கொண்டாடுவார்கள், நாங்கள் இதைக் கொண்டாடுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மும்பைக்காரர் வாயைத் திறக்கும் நாளில், முதலில் கேட்டவர் மற்றவரைக் கூப்பிட வேண்டும். ஓசூரிலிருந்து என் பெண்டாட்டி உமா, இங்கிருந்து நான். யார் முந்துவது என்று போட்டி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தி, இரண்டு போனும் பிஸி என்று சொல்லி, நான் வைத்துவிட்டு அழுத்த அவளும் வைத்துவிட்டு அழுத்த, கடைசியில் பேசும்போது வட்டியை மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்போம். கால் விழுக்காடு குறைந்த ஒரு நாளில் அவள் கம்பெனி வாசலில் நின்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாளாம். கால் விழுக்காடு என்றால் எங்கள் மாதத் தவணையில் என்ன குறையும், ஒரு நல்ல ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிடும் காசு. அதற்குப் போய் டீ. அப்படிப்பட்டவள் போன தடவை, ஆடி மாதத்தில் குறைத்தபோது, கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், பிஸி ஒலி கேட்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. இதை இப்போது நினைக்க வேண்டாம்.

"தலைய லேசா சாய்ங்கண்ணே." சாய்த்தேன். மேலே மின்விசிறி ஆடிக்கொண்டே சுற்றுகிறது. வீட்டில் நடு அறையில் இதே கம்பெனி விசிறிதான், அவள்தான் தேர்ந்தெடுத்தாள், விலை அதிகம் என்றேன், "இருவது வருசம் சுத்தப் போவுது, பார்த்து வாங்கணுங்க," என்றாள். இருபது வருடம் என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னோம் அப்போது. கடனும் இருபது வருடம். வங்கியில் கையெழுத்துப் போட்ட நாளில் வட்டி ஏழுக்கும் கீழே இருந்தது, அதிகாரி சிரித்த முகம், "ஃப்ளோட்டிங் சார், எல்லாரும் இதத்தான் எடுக்கறாங்க," என்றார். மிதக்கும் வட்டி. மிதப்பது என்றால் என் புத்திக்கு ஏதோ சுகமானதாகப் பட்டது, மிதக்கிறதுதானே, முழுகவில்லையே. அது மிதந்து மிதந்து மேலே போயிற்று. எங்கேயோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன, கச்சா எண்ணெய் ஏறியது, எண்ணெய் ஏறினால் லாரி வாடகை, லாரி வாடகை ஏறினால் எல்லாம். அமெரிக்காக்காரன் அவன் ஊரில் வட்டியை ஏற்றினான், இங்கே இருந்த பணமெல்லாம் அங்கே ஓட, டாலர் ஏறி ரூபாய் இறங்க, இவர்களும் ஏற்றினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏற்றினார்கள். ஆனால் எங்கள் தவணை மட்டும் ஏறவில்லை. அதே தொகைதான் மாதாமாதம் போயிற்று. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, பழைய வாடிக்கையாளர் என்று நம்மை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மண்டியில் தெரிந்த வியாபாரிக்கு விலையைப் பிடித்துக் கொடுப்பதில்லையா, அது மாதிரி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தவணையை அப்படியே வைத்துக்கொண்டு வருடங்களை நீட்டிக்கொண்டே போயிருக்கிறான் வங்கிக்காரன். உமாதான் ஒரு நாள் சந்தேகப்பட்டுப் போய்க் கேட்டாள். எனக்கு எழுபத்தைந்து வயதாகும்போது கடன் முடியும் என்றார்கள். அதற்குள் நான் முடிந்துவிடுவேன். "எங்க கையில இல்லைங்க, மேல இருந்து வர்றது," என்றார் அதிகாரி, இப்போது சிரிக்காத முகம். தவணையைக் கூட்டிக் கட்டினால் பழைய கணக்குக்கு வரும் என்றார். கூட்டிக் கட்ட என் கமிஷன் போதாது.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள், அவளுடைய சித்தி மகள் வேலை செய்யும் ஓசூர் கம்பெனியில் கணக்குப் பிரிவில் ஆள் கேட்கிறார்களாம். கல்யாணத்துக்கு முன் கணக்குப் பார்த்த கைதான். "எட்டரைக்கு எறங்குனா உங்க வருமானமே போதுங்க. எட்டரைக்கு வந்துட்டா நான் வந்துடறேன்," என்றாள். அப்போது ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு விழுக்காடுதானே, என்ன பெரிய தூரம் என்று சரி சொன்னேன். இரண்டரை வருடம் ஆகிறது. இரண்டு பேர் இருப்பதற்காகக் கட்டிய வீட்டில் ஒருவன் இருக்கிறேன், அந்த வீட்டுக்குப் பணம் கட்டுவதற்காக இன்னொருத்தி வேறு ஊரில் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளை இருந்தால் இப்படிப் பிரிந்திருக்க விட்டிருக்காது. பிள்ளை இல்லை, அது வேறு கதை, அதை இன்னொரு நாள் நினைத்துக்கொள்ளலாம்.

"சத்தத்தக் கூட்டுப்பா, ஆரம்பிக்கப் போறாங்க," என்றது ஒரு குரல். பின்னால் பெஞ்சில் அய்யாவு சார், நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியில் பாதி முகம் தெரிகிறது. பரமன் பாட்டுச் சேனல் வைக்கலாம் என்று பார்த்தான், அவர் விடவில்லை. "கொறைக்கக் கூடாதுப்பா. கொறைச்சே எங்களக் கொல்றானுக. ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்த அப்படியே பேங்குல போட்டவன் நான். அந்த வட்டிதான் சோறு, அந்த வட்டிதான் மருந்து. இவனுக கால் கொறைச்சா எனக்கு ஒரு மாத்திரை போச்சு." நுரை வாயோடு நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. ஒரே பத்து மணிக்கு, ஒரே சலூனில், ஒருவருக்கு ஏற வேண்டும், இன்னொருவனுக்கு இறங்க வேண்டும். என் பெண்டாட்டி வீட்டுக்கு வந்தால் இவருடைய மாத்திரை குறையும். யார் போட்ட கணக்கோ இது.

அவரையாவது கண்ணாடியில் பார்த்துத் தலையாட்ட முடிகிறது. மண்டியில் என் நிலைமை அதைவிடக் கேவலம். விலைவாசிக் கணக்கு என்று ஒன்று மாதாமாதம் வருகிறது, அது ஏறினால் வட்டி குறையாது, அதில் காய்கறிக்கு ஒரு பங்கு, காய்கறியில் தக்காளிக்கு ஒரு பங்கு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று. தக்காளி ஏறினால் எனக்குக் கமிஷன் ஏறும், மண்டியில் என் முகம் சிரிக்கும், உள்ளே ஒரு குரல் ஐயோ என்னும். மூன்று மழைக்கு முன்னால் கிலோ நூறைத் தாண்டியபோது, வாழ்நாளில் அப்படிச் சம்பாதித்ததில்லை, அந்த மாதம் தூக்கம் வரவில்லை, டிவியில் ஒருவர் தக்காளிப் படத்தைக் காட்டி இதனால்தான் வட்டி இறங்காது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த கோடையில் பெட்டி எண்பதுக்கு வந்தபோது, கள்ளிமந்தையத்திலிருந்து வந்த ஒரு விவசாயி பறிகூலிக்குக் கட்டவில்லை என்று பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார். அவர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மாதம் கணக்கு இறங்கும் என்று மனசு சொன்னது. சொன்ன உடனே எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "என்னங்க பண்றது," என்றார், நான், "ஆமாங்க," என்றேன், போய் இரண்டு டீ சொன்னேன், அவர் குடிக்கவில்லை. மாடு வந்து தின்றது. நாட்டில் எத்தனை மண்டி, எத்தனை தக்காளி, என் ஒருவன் மனசால் மும்பையில் ஒரு புள்ளிகூட அசையாது. இது தெரியும். தெரிந்தும் ஏலத்தில் விலை ஏற ஏற உமா ஒரு அடி பின்னால் போவது போலவே இருக்கும்.

"மீசைய என்னண்ணே செய்ய?" "இருக்கட்டும்." போன தீபாவளிக்கு வந்தபோது அவள்தான் மீசையில் நரையைப் பார்த்தாள். "தனியா இருந்து கெழவனாயிட்டீங்க," என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் ஆகவில்லை. ஓசூர்க் குளிரில் நிறம் கூடியிருக்கிறது, புதுச் செருப்பு, கைப்பையில் அடையாள அட்டை, போனில் பேசும்போது சரளமாக நாலு வார்த்தை கன்னடம். சுருக்கெழுத்தாளர் மாதிரி மூக்குக் கண்ணாடி. நன்றாகத்தான் இருந்தது. மனசுக்குள் ஒரு பயம், அதற்கு அன்றைக்குப் பெயர் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. வைகாசியில் வந்தபோது நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்குகிறேன், கரண்ட் போய் வந்த நேரம், அவள் சமையலறைக்குள் போய் விளக்கைப் போடச் சுவரைத் தடவினாள். இடது பக்கச் சுவரை. எங்கள் வீட்டில் சுவிட்ச் வலது பக்கம். அவளே நின்று எலக்ட்ரீஷியனிடம் சண்டை போட்டு வலது பக்கம் வைக்கச் சொன்ன சுவிட்ச். கை வெறும் சுவரில் அலைந்தது, பிறகு அவளுக்கே நினைவு வந்து சிரித்தாள். "நம்ம ரூம்ல இந்தப் பக்கம்ங்க," என்றாள். நம்ம ரூம். அந்த இரண்டு பெண்களும் அவளுமாகச் சேர்ந்த நம்ம. நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

இப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை, நினைத்துத்தான் ஆக வேண்டும். ஆடியில் குறைத்தார்கள். ஆவணி பிறந்ததும் வங்கியிலிருந்து செய்தி வந்தது, உங்கள் வீட்டுக் கடன் வட்டி எட்டரை விழுக்காடாக மாற்றப்பட்டுள்ளது என்று. எட்டரை. எட்டு புள்ளி ஐந்து பூஜ்யம், சுத்தமாக, அவள் சொன்ன அதே எண். கடன் இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, செய்தியும் இரண்டு போனுக்கும் வரும். அவளுக்கும் வந்திருக்கும். அன்றைக்கு மாலை பேசினாள், சாப்பிட்டீங்களா என்றாள், என்ன குழம்பு என்றாள், மோட்டார் சரியாகிவிட்டதா என்றாள். நான் குழம்பைச் சொன்னேன், மோட்டாரைச் சொன்னேன். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. மறுநாள் சொல்வாள் என்றிருந்தேன். மறுநாள் அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பொண்ணு பார்க்க வந்த கதையை அரை மணி நேரம் சொன்னாள். வரப் பிடிக்கவில்லை, அதை எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், வேறென்ன. நானாகக் கேட்கலாம். கேட்டால், பாவம், வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று கிளம்பி வந்துவிடுவாள், வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அதை என்னால் பார்க்க முடியாது. கேட்கவில்லை என்றால் இப்படியே போகும், எட்டு ஆகும், ஏழரை ஆகும், வட்டியே இல்லாமல் போனால்கூட அவள் அங்கேயும் நான் இங்கேயுமாக விசிறி மட்டும் இருபது வருடம் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் இல்லாமல் எனக்கு அந்த வீடு வேண்டாம். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து நிற்கிறேன், அவள் இல்லாமல் வேண்டாம்.

"ஸ்ஸ்," என்றார் அய்யாவு சார். கண்ணாடிக்குள் மும்பைக்காரர் வந்துவிட்டார், கோட்டுப் பொத்தான் தப்பான பக்கம் இருக்கிறது. உலகச் சூழ்நிலை என்கிறார், மழை என்கிறார், உணவுப் பொருள் விலை என்கிறார், பரமனின் கத்தி காதோரத்திலிருந்து இறங்குகிறது, சொல்லித் தொலையேன் ஐயா. கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து மாறியது, என்னால் திருப்பிப் படிக்க முடியவில்லை. "மாத்தலையாம்," என்றார் அய்யாவு சார், பெருமூச்சோடு. "அப்படியே இருக்காம். பொழச்சேன்."

மாற்றமில்லை. கூப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. இதுதான் வரும் என்று காலையிலேயே பயந்தேன், வந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் என் குழம்பும் அவள் குழம்பும். நான் துணியோடு எழுந்துவிட்டேன், பரமன் கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அண்ணே, பாதிலண்ணே," என்றான். ஆணியிலிருந்து போனை எடுத்தேன், ஒரு பக்கம் மழித்தும் ஒரு பக்கம் நுரையுமாக அழுத்தினேன், நுரை படாத காதில் வைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கேட்டேங்க. மாத்தலையாம்," என்றாள்.

"ஆமா."

"இன்னுங் கொஞ்சம் எறங்கும்னு நெனச்சேன்."

மண்டியில் நான் தினமும் கேட்கும் வார்த்தை. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று சொல்லிக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் வாங்காமலே போய்விடுவார்.

"இனி எதுக்கு எறங்கணும்? எட்டரைன்னுதான சொன்ன. அது ஆவணியிலயே வந்துருச்சு உமா."

அந்தப் பக்கம் ஏதோ மிஷின் ஓடும் சத்தம். பிறகு கதவு சாத்தும் சத்தம், மிஷின் தள்ளிப் போயிற்று.

"தெரியும். எனக்கும் மெசேஜ் வந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கூப்புடல?"

அய்யாவு சார் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார், என் நேரம். பரமன் கத்தியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான். இவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிட வேண்டியதுதான்.

"கூப்புட்டா, வேலைய விட்டுட்டு வான்னு சொல்ற மாதிரி ஆயிரும். உனக்கு அங்க பிடிச்சுப்போச்சோன்னு பயமா இருந்துச்சு."

"பிடிச்சுத்தான் இருக்கு," என்றாள். "பிடிச்சிருக்குங்க, பொய் சொல்லல. அதுக்காக? ரெண்டு மாசமா நீங்க வான்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு போனப் பார்த்துட்டே இருக்கேன். இவரு தனியா இருந்து பழகிட்டாரு, நாம போனா இடைஞ்சல்னு நெனச்சுக்கிட்டேன். மோட்டார் ஓடுது, குழம்பு வெக்கிறேன்னு சந்தோசமாச் சொல்றீங்க."

சந்தோசமாகவா சொன்னேன்? மனுசன் குரலைப் பழக்கிக்கொள்வது எவ்வளவு தப்பு.

"சனிக்கிழமை வர்றதான? திரும்பிப் போறதுக்கு டிக்கெட் போட்டுட்டியா?"

"எப்பவும் சேத்துத்தான போடுவேன். போட்டாச்சு."

"அதக் கேன்சல் பண்ணு."

"பாதிக் காசு போயிருங்க."

"போகட்டும்."

"நோட்டீஸ் குடுத்து வெளிய வர ஒரு மாசம் ஆகும். சொல்லிட்டு உடனே வர முடியாது."

"திங்கக்கிழமை நானே கொண்டாந்து விடறேன். நோட்டீஸ் முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கிறேன். திரும்பிப் போறதுக்கு நீயா டிக்கெட் போட வேண்டாம்."

"செக்‌ஷன்ல கூப்புடறாங்க," என்றாள், குரல் ஒரு மாதிரி இருந்தது. "வைங்க." வைத்துவிட்டாள். சரி என்று சொல்லவில்லை. அழுதாளா, சிரித்தாளா, யாராவது அதிகாரி வந்து நின்றானா. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்திருக்கலாம்.

உட்கார்ந்தேன். நுரை காய்ந்துவிட்டது என்று பரமன் மறுபடி தண்ணீர் தெளித்து மறுபடி பூசினான், ஒன்றும் கேட்கவில்லை, நல்லவன். அய்யாவு சார் பொதுவாக டிவியைப் பார்த்து, "வரட்டும், வரட்டும்," என்றார், யாரைச் சொன்னாரோ. போன் துணிக்கு அடியில் என் கையில் இருக்கிறது. டிக்கெட்டை எப்போதும் என் நம்பரைக் கொடுத்துத்தான் போடுவாள், பேருந்து எங்கே வருகிறது என்று எனக்குச் செய்தி வர வேண்டும் என்பதற்காக. ரத்து செய்தாலும் எனக்குத்தான் வரும். கணக்கில் கெட்டிக்காரி, பாதிக் காசு போகும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று வைத்திருப்பாள். மறந்துவிடுவாள். அந்தப் பெண்களிடம் கேட்பாள், அவர்கள் அவசரப்படாதே அக்கா என்பார்கள். கத்தி தொண்டைக்கு வந்தது. கை நடுங்கியது, இல்லை, கையில் இருந்தது நடுங்கியது. "ஆடாதீங்கண்ணே, அறுத்துக்கும்," என்றான் பரமன். அவன் கத்தியை எடுக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு துணியை விலக்கிப் பார்த்தேன். ஒட்டன்சத்திரம், ஓசூர், திங்கட்கிழமை, இருக்கை எண் பதினொன்று, உங்கள் பயணச்சீட்டு ரத்து செய்யப்பட்டது, பிடித்தம் போக மீதித் தொகை கணக்கில் சேர்க்கப்படும். பாதிக்கும் மேலேயே பிடித்துவிட்டான். பிடிக்கட்டும்.